ஜெசிந்தாவின் வாசலுக்கு வந்தவர்கள்

“அவளுக்கு மட்டும் எப்படி நடக்குது?” என்று கேட்டார் அம்பலவாணன்.

கவாமுரா கையிலிருந்த விண்ணப்பக் கட்டை மேஜையில் தட்டித் தட்டி ஓரம் சமன் செய்துகொண்டிருந்தார்.

“நான் நாலு தடவை பரீட்சை எழுதித்தான் தேறினேன். அவ ஒரே தடவை. நான் ஜப்பானுக்கு வந்து பத்தொன்பது வருஷம். அவ வந்து ஏழு. போர்டு மாட்டி அஞ்சு மாசம்கூட ஆகல, வாசல்ல ஷூ கழட்டி வைக்க இடமில்ல.”

“எண்ணினீங்களா?”

அம்பலவாணன் எண்ணியிருந்தார். பதினோரு ஜோடி.

அவர்கள் பேசியது ஜப்பானிய மொழியில். நம் வசதிக்குத் தமிழாக்கிக்கொள்வோம்.

ஜப்பானில் இப்படி ஒரு தொழில் உண்டு. விசாவை நீட்டிக்க வேண்டுமா, ஓட்டல் திறக்க உரிமம் வேண்டுமா, இறந்துபோன அப்பாவின் சொத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்ள வேண்டுமா, அரசாங்கத்துக்குப் போகிற காகிதத்தை எழுதிக் கொடுக்க அதற்கென்றே பரீட்சை எழுதித் தேறியவர்கள் இருக்கிறார்கள். வக்கீல் இல்லை. ஆனாலும் ஊர் அவர்களை ‘சென்செய்’ என்றுதான் கூப்பிடும். நம் ஊரில் ‘ஐயா’ என்பதில் எவ்வளவு மரியாதை உண்டோ அவ்வளவு அதில் உண்டு. தனியாக ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு முத்திரை, ஒரு பெயர்ப் பலகை இருந்தால் கடை திறந்துவிடலாம்.

கவாமுரா அப்படிப்பட்ட ஒரு சென்செய். டோக்கியோவின் நிஷி கசாயில், சைக்கிள் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். அந்த அம்மாவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடர் அம்பலவாணனுக்கு நாற்பத்தேழு. தொழில் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் இதையெல்லாம் பார்த்தால் முடியுமா?

தென்காசி அம்பலவாணனும் தூத்துக்குடி ஜெசிந்தாவும் அவரிடம்தான் இரண்டு வருஷம் உதவியாளர்களாக இருந்தார்கள். ஒரே மேஜையின் இரண்டு பக்கம். சோற்று டப்பாவைக்கூடப் பகிர்ந்துகொண்டவர்கள். அவள் தேறினாள். அன்றைக்கு முதல் கைதட்டு அம்பலவாணனுடையதுதான். அன்று ராத்திரியே வயிறு எரிய ஆரம்பித்தது. இன்றுவரை அணையவில்லை.

கவாமுரா விண்ணப்பத்தை உறையில் போட்டார்.

“மார்ச் கடைசியில இந்த ஆபீஸை மூடுறேன்,” என்றார். “கணவருக்கு நாகசாகிக்கு மாற்றல்.”

அம்பலவாணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்கிட்ட வர்றது நாற்பத்து மூணு குடும்பம். இனிமே யார்கிட்ட போகணும்னு நான் ஒரு பேர் சொல்லணும்.”

“யார் பேர்?”

“உங்க ஆபீஸ் திறக்கிற அன்னிக்கு வர்றேன். பார்த்துட்டு எழுதுறேன்.”

இந்தத் தொழிலுக்காகக் கம்பெனி வேலையை விட்டாகிவிட்டது. அந்த நாற்பத்து மூன்று குடும்பமும் வந்தால் அம்பலவாணன் பிழைத்தார். வராவிட்டால், இந்த வயதில் மறுபடியும் கம்பெனி கம்பெனியாகப் படியேற வேண்டியதுதான். படியிறங்கி வரும்போது அவர் யோசித்தது அதைப் பற்றி இல்லை. அந்த நாற்பத்து மூன்றும் ஜெசிந்தாவுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி.

ஏற்பாடுகள் தொடங்கின.

ஜெசிந்தாவின் முத்திரை மரத்தில் செய்தது. அம்பலவாணன் எருமைக்கொம்பில் செய்யச் சொன்னார். கடைக்காரர் என்ன அளவு என்று கேட்டார். அவளுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டார்.

அலுவலகம் திறந்தால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்பு அட்டை போடுவது அங்கே வழக்கம். அவள் நூறு பேருக்குப் போட்டாள் என்று கேள்வி. இவர் முந்நூறு அச்சடித்தார். யோசித்து யோசித்துப் பார்த்தும் தொண்ணூறு பேருக்கு மேல் யாரையும் தெரியவில்லை. மிச்சத்தில் கொஞ்சம் பல் டாக்டருக்கும், முடி வெட்டுகிறவருக்கும், என்றோ வீடு மாறிப்போன பக்கத்து வீட்டுக்காரருக்கும் போயிற்று.

பிறகு அறை. மூன்று அறைகள் பார்த்தார். மூன்றும் நல்ல அறைகள். நான்காவதாக ஒன்று, இரண்டாம் மாடியில், மாடிப்படி செங்குத்து, குளிருக்கு ஒழுங்காக மூடாத ஜன்னல். அதைத்தான் எடுத்தார்.

“எங்க இருக்கு?” என்று கேட்டார் கவாமுரா.

“ஸ்டேஷன் ரோடு. மருந்துக் கடைக்கு எதிரே.”

மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கதவு ஜெசிந்தாவுடையது. கவாமுராவுக்கு அது தெரியும்.

“மேஜையை எங்க போட்டீங்க?”

“ஜன்னலை ஒட்டி.”

“ஏன்?”

“நல்ல வெளிச்சம்.”

அது வடக்குப் பார்த்த, வெயிலே விழாத ஜன்னல். கவாமுரா தேநீர் ஊற்றினார்.

இந்தத் தொழில் செய்கிறவர்களின் சங்கத்திலிருந்து இருவர் வந்து அறையைப் பார்த்தார்கள். அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். பதிவு வரும்வரை ஒரு காகிதத்திலும் கை வைக்கக் கூடாது. அது சட்டம். ஆகவே அம்பலவாணனுக்கு ஒரு வேலையும் இல்லை. தினமும் காலையில் வந்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். தூத்துக்குடிக்காரியின் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மளிகைக் கடையில் அவளே எதிரில் வந்தாள். கூடையில் துவரம்பருப்பும் பெருங்காயமும்.

“எப்ப அண்ணாச்சி திறக்கிய?”

“இருபதாம் தேதி.”

அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அலமாரி ஒன்று கூடுதலாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாள். ஒரு குடும்பம் வந்திருக்கிறது, அப்பா தவறிவிட்டார், சொத்து ஊரிலும் இருக்கிறது இங்கேயும் இருக்கிறது, அவளுக்கு அந்தச் சட்டம் சரியாகப் பிடிபடவில்லை.

“இதுல நீங்கதான் கெட்டி. அவங்க இருபதாம் தேதி வரைக்கும் பொறுப்பாங்க. உங்ககிட்ட அனுப்பி வைக்கட்டுமா?”

அம்பலவாணனுக்குச் சுருக்கென்றது. எத்தனை வேலை இருந்தால் இப்படி அள்ளிக் கொடுக்கத் தோன்றும்.

“நீ தின்னது போக மிச்சத்தை எனக்குத் தள்ளுதியோ?”

ஜெசிந்தா கூடையைக் கை மாற்றிப் பிடித்தாள்.

“அப்படி நெனச்சு கேக்கல அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்பலவாணன் அன்றைக்கே ஓடிப்போய் கவாமுராவிடம் சொன்னார். அவமானப்படுத்திவிட்டாள் என்றார். பிச்சை போடுகிறாள் என்றார். கவாமுரா முழுவதும் கேட்டார்.

“அந்தக் குடும்பத்துல எத்தனை பேர்?”

“தெரியல.”

“அப்பா இறந்து எவ்வளவு நாளாச்சு?”

“கேக்கல.”

“நேத்து ஜெசிந்தா ஆபீஸுக்கு எத்தனை பேர் வந்தாங்க?”

“பதினாலு.”

கவாமுரா எழுந்து போய், வாசல் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். வீட்டுக்குப் போகிற நேரம் என்று அர்த்தம்.

இருபதாம் தேதி வந்தது. பதிவும் வந்திருந்தது. அம்பலவாணன் கோட்டில் அந்தத் தொழிலுக்கான சின்னத்தைக் குத்திக்கொண்டு, பெயர்ப் பலகையை ஈரத் துணியால் இரண்டு தடவை துடைத்தார். திறப்பு நாளுக்குத் தெரிந்தவர்கள் ஆர்கிட் பூத்தொட்டி அனுப்புவார்கள். அவருக்கு மூன்று வந்திருந்தன. அவற்றில் பெரியது ஜெசிந்தாவுடையது. அதைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பத்தரை மணிக்குக் கவாமுரா வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் நீலத் துணியில் கட்டிய ஒரு மூட்டை. வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அம்பலவாணனின் இருக்கைக்குப் பின்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் மேஜை போய்விட்டதால் வருகிறவர்களுக்கு அங்கேதான் இடம். அங்கே உட்கார்ந்தால் அம்பலவாணனின் பிடரி தெரியும்.

மூட்டையை அவிழ்த்தார். உள்ளே நாற்பத்து மூன்று அட்டைகள். ‘என் அலுவலகம் மூடப்படுகிறது. இனி நீங்கள் அணுக வேண்டியவர்’ என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருந்தது.

அம்பலவாணன் அந்தக் காலி இடத்தில் தன் பெயரை எழுதினால் எப்படியிருக்கும் என்று ஒரு கணம் பார்த்தார்.

கவாமுரா பேனாவைத் திறந்தார்.

“முதல் அட்டை ஒரு சமையல்காரருக்கு. அவரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.”

“சொல்லுங்க சென்செய்.”

சொன்னார். அந்த மனிதருக்கு மனைவியும் ஒரு பெண் குழந்தையும் ஊரில் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு வர இரண்டு தடவை விண்ணப்பித்தார், இரண்டு தடவையும் நிராகரித்துவிட்டார்கள். குழந்தைக்கு இப்போது நாலு வயது. அது பிறந்த பிறகு அவர் ஊருக்குப் போகவே இல்லை.

அம்பலவாணன் “அடடா” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அப்போது கீழே ஒரு குடை ஜெசிந்தாவின் வாசலில் மடங்கியது.

“ஏழு,” என்றார்.

கவாமுரா பேச்சை நிறுத்தினார்.

“காலையிலிருந்து ஏழு பேர் சென்செய். பத்து மணிக்குத்தான் திறந்தா. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

கவாமுரா தொடர்ந்தார். முதல் தடவை ஏன் நிராகரித்தார்கள், இரண்டாம் தடவை எந்தக் காகிதம் விட்டுப்போனது என்றெல்லாம் சொன்னார். அம்பலவாணன் இடத்துக்குத் தகுந்தபடி “ம்” போட்டார்.

“அந்தக் குழந்தைக்கு என்ன வயசுன்னு சொன்னேன்?”

“ம்.”

மேம்பாலத்தில் ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“அவங்க ரெண்டு பேர் பாருங்க, போன வாரமும் வந்தாங்க. உள்ள போகல, போன்ல பேசுறாங்க. ஒருத்தர் போறார். எட்டு.”

பின்னாலிருந்து சத்தமில்லை. தான் சொல்வதைக் கேட்கத்தான் சென்செய் நிறுத்தினார் என்று அம்பலவாணன் நினைத்துக்கொண்டார். மனம் லேசானது. ஐந்து மாதமாக அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார். அவளுடைய ஜப்பானிய உச்சரிப்பே சரியில்லை என்றார். சிரித்துப் பேசி ஆள் பிடிக்கிறாள் என்றார். வாரிசுச் சட்டம் தெரியாது என்று அவளே தன்னிடம் ஒத்துக்கொண்டாள், தெரியாதவளிடம் ஜனங்கள் ஏன்தான் போகிறார்களோ என்றார். எதிர்த் திசையில் இன்னொரு ரயில் போய் முடியும்வரை காத்திருந்தார்.

“நான் என்ன சென்செய் குறைச்சல்?”

அந்தக் கேள்விக்குக் கவாமுரா உடனே பதில் சொல்லமாட்டார் என்று தெரியும். எனவே காத்துக்கொண்டே கீழே பார்த்தார். போனில் பேசிய ஆள் போய்விட்டிருந்தார். சிக்னல் மாறியது. நாலைந்து பேர் ரோட்டைக் கடந்தார்கள். அவர்களில் ஒருவர் மருந்துக் கடையைத் தாண்டி, ஜெசிந்தாவின் கதவுப் பக்கம் திரும்பினார்.

“ஒன்பது,” என்றார் அம்பலவாணன்.

ஒன்பதாவது ஆள் ஒரு பெண். சாம்பல் நிறக் கோட்டு. நீல மூட்டை ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கதவைத் தட்டுவதற்கு முன்னால் திரும்பி நின்று, அண்ணாந்து, இந்த ஜன்னலைப் பார்த்து முறைப்படி இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

பத்தொன்பது வருஷப் பழக்கம். அம்பலவாணனும் எழுந்து பதிலுக்கு வணங்கினார்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.