அடுப்படியில் ஒரு வாடை

நாச்சிமுத்துவுக்கு விழிப்பு வந்ததே அந்த வாடையில்தான். லேசான வாடை. தரையோடு ஊர்ந்து வந்து பாயில் படுத்திருந்தவர் மூக்கில் ஏறியது.

கேஸ்.

எழுந்து நின்று மோந்து பார்த்தார். தெரியவில்லை. மறுபடி குனிந்தார். இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அங்கே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. செங்கோடன் எழுந்துவிட்டான்.

"இவன்தான்" என்றார் தனக்குள்.

காங்கேயம் பக்கம் ஒரு சிறு குன்றின் அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். ஊர்தான் மடம் என்று சொல்லும். பார்த்தால் ஓட்டு வீடு. குன்றேறிச் சாமி கும்பிட்டு இறங்குகிறவர்களுக்கு மதியம் சோறு போடுவார்கள். பாவாயம்மாள் நடத்தி வந்தார். நாச்சிமுத்துவைவிட பத்து வயதாவது இளையவர். இருந்தாலும் அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்தால் தன் மனசின் இரைச்சல் தணிகிறது என்று கண்டுகொண்டுதான், மனைவி போன பிறகு மகன் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இங்கே வந்து சீடராகச் சேர்ந்திருந்தார் நாச்சிமுத்து.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் மின் திருட்டுப் பிடித்தவர். மீட்டரில் ஊசி செருகியிருக்கிறார்களா, கம்பியைத் திருப்பி இழுத்திருக்கிறார்களா என்பது வாசலில் நுழையும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். கும்பிட்டு வரவேற்று மோர் கொடுக்கிற வீட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பது அவர் அனுபவம்.

செங்கோடன் எல்லாரையும் கும்பிடுவான்.

அவன் ஜெயிலில் இருந்து வந்தவன். பங்காளிச் சண்டையில் பெரியப்பன் மகனுடைய வைக்கோல் போரைக் கொளுத்தினான். போரோடு நிற்கவில்லை. பக்கத்துக் கொட்டகையும் அதில் கட்டியிருந்த எருதும் சேர்ந்து போயின. தண்டனை முடிந்து வந்தவனை ஊர் சேர்க்கவில்லை. பாவாயம்மாள் சேர்த்துக்கொண்டார். சேர்த்ததோடு விடாமல் அடுப்படியையும் அவனிடமே கொடுத்தார்.

நெருப்பு வைத்தவன் கையில் நெருப்பு. நாச்சிமுத்துவுக்கு அது ஆரம்பத்திலிருந்தே தொண்டையில் முள்ளாக நின்றது.

அன்று காலை அவர் சமையலறை வாசலில் போய் நின்றார். செங்கோடன் அடுப்பின் பர்னரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஊசியால் அதன் துளைகளைக் குத்திக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்றே?"

செங்கோடன் எழுந்து கும்பிட்டான். "நேத்து பால் பொங்கி அடைச்சுக்கிச்சுங்க. தீ மஞ்சளா எரியுது. சட்டியெல்லாம் கரி புடிக்குது. அதான் குத்தி விடறனுங்க."

"ஊசியிலயா?"

"ஆமாங்க."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஜெயில்லயும் சமையல் வேலைதானுங்க."

ஊசி. ஜெயில். நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். "ஏதோ வாடை வருதே?"

செங்கோடன் மூக்கை உறிஞ்சினான். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. சன்னலைத் தெறந்து வெச்சுத்தான் பத்த வெக்கிறேன்."

ஏன் சன்னலைத் திறக்கிறான்? வாடை இல்லை என்கிறவன் எதற்காகத் திறக்க வேண்டும்?

மறுநாளும் வாடை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. நாச்சிமுத்து யாரிடமும் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் வாயைத் திறப்பது அவர் தொழிலில் கிடையாது.

ஒருநாள் பொழுது சாய்ந்து, ராத்திரிச் சமையலும் முடிந்து செங்கோடன் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, அரிசிமாவுப் பசையை விரலில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அடுப்பின் திருகுகள் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பொட்டுப் பசை வைத்தார். காய்ந்தால் சீல் வைத்த மாதிரி. யாராவது திருகினால் உடைந்துவிடும்.

விடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தார். பசை அப்படியே இருந்தது. வாடையும் அப்படியே இருந்தது.

நாச்சிமுத்து அடுப்பின் முன்னால் வெகுநேரம் நின்றார். திருகை யாரும் தொடவில்லை. ஆனால் கேஸ் வருகிறது. அப்படியானால்?

பசையைப் பார்த்துவிட்டான். திருகிவிட்டு, புதுப் பசை வைத்து ஒட்டியிருக்கிறான். மாவும் அவன் கையில், அடுப்பும் அவன் கையில். எவ்வளவு கைகாரன்!

அன்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. பெரிய கள்ளனைப் பிடிக்கப் போகிறவனுக்கு வருகிற சந்தோஷம்.

மேலும் சில நாள் பசை வைத்தார். ஒவ்வொரு விடியலிலும் பசை உடையாமல் இருந்தது. ஒவ்வொரு விடியலிலும் அவர் நம்பிக்கை இறுகியது. கடைசியில் பாவாயம்மாளிடம் போனார். அந்த அம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, செங்கோடனை அனுப்பிடலாமுங்க."

"ஏனுங்கண்ணா?"

"கேஸைத் தெறந்து விடறானுங்க. தினமும் விடியக்காலம் வாடை வருது. என்னைக்காவது ஒருநாள் மடமே போயிரும். அவன் பழைய புத்தி விடலீங்க."

பாவாயம்மாளின் கை நின்றது. "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே" என்றவர், உடனே, "எனக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் வந்த காய்ச்சல்ல என் மூக்கு செத்துப்போச்சு. பூவும் சாணியும் எனக்கு ஒண்ணுதான். உங்க மூக்கைத்தான் நம்பணும்" என்றார். "எத்தனை நாளா வருதுங்க?"

"ஒரு வாரத்துக்கு மேல ஆச்சுங்க."

"ஒரு வாரமாவா? சிலிண்டரை மூடச் சொல்லலீங்களா?"

"மூடிட்டா அவனைப் புடிக்க முடியாதுங்களே!"

பாவாயம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். கீரையை முறத்தோடு ஒதுக்கிவிட்டு எழுந்தார். சமையலறை வாசலில் நின்று, "செங்கோடா, அடுப்பை அணைச்சுட்டு வெளிய வா" என்றார். கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டார். நாச்சிமுத்து பழக்கத்தில், "யாரும் சுவிட்சைத் தொடாதீங்க" என்றார்.

"தொடலீங்க" என்றார் பாவாயம்மாள். காற்று நன்றாக வந்து போகும்வரை மூன்று பேரும் வெளியே நின்றார்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் துணி சோப்பைக் கரைத்து, ஒரு துண்டுத் துணியோடு நாச்சிமுத்து கையில் கொடுத்தார்.

"திருகெல்லாம் மூடியிருக்கு. ரெகுலேட்டர் தெறந்தே இருக்கு. தடவிப் பாருங்க. கேஸ் வர்ற எடத்துல நுரை பொங்கும்."

நாச்சிமுத்து நேராக அடுப்பிடம் போனார். திருகுகளின் மேல் நுரையைத் தடவினார். குனிந்து பார்த்தார். சோப்பு நுரை மெல்ல வடிந்ததே தவிர, எங்கும் பொங்கவில்லை. மறுபடி தடவினார். திருகின் இடுக்கு, பர்னரின் கழுத்து, அவன் ஊசி போட்ட துளை எல்லாம் தடவினார்.

"இல்லீங்க" என்றார். "காலையிலயே மூடிட்டான்."

வாசலில் செங்கோடன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாத முகத்தை நாச்சிமுத்து எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறார்.

"இன்னும் தடவுங்கண்ணா" என்றார் பாவாயம்மாள்.

"அடுப்பு முழுக்கத் தடவியாச்சுங்களே. இன்னும் எங்கீங்க?"

"அவன் கை படாத எடத்துல."

நாச்சிமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு குனிந்து, ரெகுலேட்டரில் தடவினார். ஒன்றுமில்லை. அங்கிருந்து ரப்பர் டியூபைத் தடவிக்கொண்டே போனார். சமையல் மேடையின் கடப்பைக் கல்லில் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாகத்தான் டியூப் மேலேறி அடுப்புக்குப் போனது. கல்லுக்கு அடியில் கைவிட்டுத் தடவித் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

நுரை பொங்கியது. சின்னச் சின்னதாக, மீன் குஞ்சுகள் மூச்சு விடுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழிகள் வந்து உடைந்தன. கல்லின் விளிம்பு டியூபை நாள்கணக்கில் அரைத்து அரைத்து வெடிப்பாக்கியிருந்தது. அங்கிருந்து இறங்கிய கேஸ் தரையோடு போய், சுவர் இடுக்கு வழியாக அவர் பாயை அடைந்திருக்கிறது.

அப்போது நாச்சிமுத்துவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரிய வீட்டில் சோதனை போட்டு மீட்டர் சுத்தமாக இருந்துவிட்டால் உள்ளே ஒன்று தொங்கிப்போகுமே, அதுதான் வந்தது. அந்த ஏமாற்றத்தை அவரே கவனித்தார். கவனித்ததும் வியர்த்துவிட்டது.

"டியூபுதானுங்க" என்றார்.

செங்கோடன் வந்து ரெகுலேட்டரை மூடிக் கழற்றினான். நாச்சிமுத்து தானே கடைவீதிக்குப் போய்ப் புது டியூப் வாங்கி வந்தார். வரும்போது செங்கோடன் வெளியே கல் கூட்டி விறகடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தான். குன்றேறியவர்கள் இறங்கிவிடுவார்களே. புகையில் கண் எரிய ஊதிக்கொண்டிருந்தவனை நாச்சிமுத்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லவேளைங்க" என்றான் செங்கோடன். "விடியக்காலம் மொத தீக்குச்சி கிழிக்கிறது நாந்தானுங்க. சன்னலைத் தெறக்க மறந்திருந்தா மொத ஆளா நாந்தான் போயிருப்பேன்."

இத்தனை நாளில் அது நாச்சிமுத்துவுக்குத் தோன்றவே இல்லை.

செங்கோடன் சோற்றைக் கிளறிவிட்டுச் சொன்னான்: "பசையில கொஞ்சம் உப்புப் போடணுமுங்க. இல்லீன்னா எறும்பு வந்துருது."

"உனக்குத் தெரியுமா?"

"தினமும் சமையலுக்கு முன்னாடி நாந்தானுங்க சொரண்டி எடுத்தேன்."

"கேட்டிருக்கலாமே? என்னன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"ஜெயில்ல தினம் சோதனை போடுவாங்க. யாரும் கேக்க மாட்டோமுங்க. பழகிப்போச்சு."

இருவரும் சேர்ந்து டியூபை மாட்டினார்கள். கல் ஓட்டையின் விளிம்பைச் செங்கோடன் அரம் போட்டு மழுக்கினான். முனைகளில் கிளிப்பை இறுக்கி, மறுபடி நுரை தடவிப் பார்த்தார்கள். எங்கும் பொங்கவில்லை. இனிமேல் வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும் என்று பாவாயம்மாள் சொன்னார். செங்கோடன் சரியென்றான்.

பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு, நாச்சிமுத்து பாவாயம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அம்மா, நான் சந்தேகப்பட்டது தப்புங்களா?"

"இல்லீங்களே. நீங்க சந்தேகப்படலீன்னா இந்த வீடு இருந்திருக்காது."

நாச்சிமுத்து நிமிர்ந்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "நானும் அதைத்தானுங்க நெனச்சேன். வாடை வந்தது நெசம். நான் பொய் சொல்லலீங்க."

"சொல்லலீங்க."

"அப்புறம் ஏனுங்க அவன் மூஞ்சியப் பாக்க முடியல?"

பாவாயம்மாள் ஆய்ந்து முடிக்காத கீரையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"கேஸ் வருதுன்னு உங்க மூக்கு சொல்லுச்சு. செங்கோடன்னு சொன்னது எதுங்கண்ணா?"