பாளையக்காரர் கிழித்த கோடு

அளவுகோல் இல்லை, கயிறும் இல்லை. பேராசைக்காரர் ஒருவரே கோடு கிழித்தார். ஆனாலும் நிலம் சரிபாதியாகப் பிரிந்தது. எப்படி? சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் பாதியைத் தம் குதிரைகளுக்கு எடுத்துக்கொள்ள வந்தார் பாளையக்காரர் வீரமல்லர். கைத்தடியால் தரையைக் கீறிக்கொண்டே நடந்தார். அங்கிருந்த ஒரே கிணறு முழுசாக அவர் பக்கம் போயிற்று.

"சாமி, தண்ணியில்லாம எங்க ஆடெல்லாம் செத்துப்போகுமே!" என்றாள் ஆட்டுக்காரி மூக்காயி.

"சட்டம் போடுறது நான். தீர்ப்புச் சொல்றதும் நான். அதை நிறைவேத்துறதும் நான். யார்கிட்ட போய் முறையிடுவே?"

"முறையிடலை சாமி. ரெண்டு பக்கமும் சமம்தானே?"

"எள்ளளவும் குறையாது!" என்று ஊரே கேட்கச் சொன்னார் அவர்.

"அப்போ மூணு வேலையும் பார்த்துச் சாமி ஏன் களைக்கணும்? கோடு நீங்க போட்டாச்சு. எங்களுக்கு எந்தப் பக்கம்னு இந்தப் பிள்ளை சொல்லட்டும்."

அவள் காட்டியது பாளையக்காரரின் பல்லக்கைத் தூக்கி வந்தவனின் நான்கு வயது மகள் செவந்தியை. சமம் என்று சொல்லிவிட்டவரால் மறுக்க முடியவில்லை. செவந்தி கிணற்றையே பார்த்தாள்.

"இரு, இரு!" பாளையக்காரர் கோட்டைக் காலால் அழித்தார். "வேற போடுறேன்."

"போடுங்க சாமி. போட்ட பிறகு பிள்ளை சொல்லும்."

இந்த முறை அவர் வெயிலில் வெகுநேரம் அங்குமிங்கும் நடந்து பார்த்தார். கோடு கிணற்றின் நட்டநடுவே போயிற்று.

செவந்தி மேற்குப் பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஓர் ஆட்டுக்குட்டி நின்றது.