பதினோரு கட்டங்கள்

மாயவரம் ரயிலடிக்குப் பக்கத்தில் எஸ்தர் ரூபி ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் நடத்திவந்தாள். அவளிடம் தொழில் கற்கச் சேர்ந்தவர் குஞ்சிதபாதம். குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்தொன்று. இன்னும் கேளுங்கள், பள்ளிக்கூடத்தில் எஸ்தருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. பழைய மாணவியிடமே போய், "எனக்கும் இந்த வேலையக் கத்துக்குடும்மா" என்று நின்றுவிட்டார்.

ஒரு நாள் எஸ்தர் வெளியூர் போயிருந்தபோது இளங்கதிர் என்ற வெல்டர் வந்தான். கப்பல் வெல்டிங் பயிற்சிக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது. விசாகப்பட்டினத்தில் ஒன்பது மாதம், தங்க ஹாஸ்டல், முடித்தால் நிரந்தர வேலை. விண்ணப்பம் முழுக்க இங்கிலீஷ். அதில் பாலின அடையாளம் என்ற இடத்தில் மட்டும் பதினோரு கட்டங்கள்.

குஞ்சிதபாதத்துக்கு வார்த்தை என்றால் உயிர். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டு, பதினோரு வார்த்தையையும் உட்கார்ந்து படித்தார். டிரான்ஸ் மேன் என்றால், பிறந்தபோது பெண் என்று சொல்லப்பட்ட ஆண். நான்-பைனரி என்றால், ஆண், பெண் என்ற இரண்டுக்குள் தன்னை அடக்கிக்கொள்ளாதவர். குஞ்சிதபாதத்தைப் பிறந்தபோது ஆண் என்றார்கள், இன்றுவரை அப்படியே இருக்கிறார் அல்லவா, அவரைப் போன்றவருக்கும் சிஸ்ஜெண்டர் என்று ஒரு வார்த்தை இருந்தது.

"அடேடே, எனக்கும் ஒரு பேரு வச்சிருக்கான் பாரேன்!" என்று சிரித்துக்கொண்டார்.

இளங்கதிர் மறுபடி வந்தபோதும் எஸ்தர் ஊர் திரும்பியிருக்கவில்லை. பள்ளிச் சான்றிதழில் பெண் என்று இருந்தது. எதிரே மீசையோடு ஆள்.

"உங்களை என்னன்னு தம்பி சொல்வாங்க?" என்று கேட்டார் குஞ்சிதபாதம்.

"என்ன சார் சொல்வாங்க? எங்கப்பா ரெண்டுங்கெட்டான்னு திட்டுவாரு."

ஆண், பெண் இரண்டிலும் சேராதவர். படித்ததோடு அப்படியே பொருந்திவிட்டது. நான்-பைனரி கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பினார். அன்று முழுக்க மனுஷருக்குக் கால் தரையில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து இளங்கதிர் போனை நீட்டியபடி உள்ளே வந்தான். ஊர் திரும்பியிருந்த எஸ்தர் வாங்கிப் படித்தாள். தேர்வாகிவிட்டான். தங்குமிடம்: பெண்கள் மற்றும் நான்-பைனரி விடுதி. திருத்தம் இருந்தால் இன்று மாலை ஐந்துக்குள் தெரிவிக்கவும். மணி அப்போது மூன்றரை.

"நான் போகல சார்" என்றான் இளங்கதிர். "இத்தனை வருஷம் வீட்ல சண்டை போட்டுட்டு, இப்ப பெண்கள் ஹாஸ்டல்ல போய் நிக்கவா? எனக்கு இந்த வேலையே வேணாம்."

குஞ்சிதபாதம் அவசரமாக விண்ணப்ப நகலை எடுத்துப் பார்த்தார். "நீங்க சொன்னதைத்தானே தம்பி எழுதினேன்?"

"எங்கப்பா சொன்னதை எழுதியிருக்கீங்க. வாய் நிறையத் தம்பி தம்பின்னு கூப்பிட்டீங்களே சார், அப்புறமும் எப்படித் தோணுச்சு?"

அவர் எஸ்தரைப் பார்த்தார். "நான் தப்பான வார்த்தையா போட்டுட்டேன்? அர்த்தம் சரியாத்தானம்மா படிச்சேன்!"

"அந்த வார்த்தையில ஒரு தப்பும் இல்ல சார். அதைத் தனக்குன்னு சந்தோஷமாச் சொல்லிக்கிறவங்க இருக்காங்க" என்றாள் எஸ்தர்.

"பின்னே எங்க தப்பு?"

எஸ்தர் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்த அடையாள அட்டை, பெயர் எழுதாமல் கிடந்தது. பெயர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

'கொக்கு. மொழிபெயர்ப்பாளர்.'

குஞ்சிதபாதத்தின் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா விளையாட்டு இது?"

"ஸ்கூலே உங்களை அப்படித்தானே சார் கூப்பிட்டுச்சு? நானுந்தான். ஒத்தைக் கால்ல நின்னு பாடம் நடத்துவீங்க, கழுத்தும் நீளம். பொருத்தமாத்தானே இருக்கு?"

"பொருத்தமாவது மண்ணாவது! நீங்களா வச்சது அது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சொல்லிவிட்டார். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

அட்டையைத் தள்ளி வைத்தார். பிறகு நாற்காலியை இளங்கதிர் பக்கம் திருப்பிப் போட்டு, பதினோரு வார்த்தையையும் ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொன்னார். அவசரப்படாமல்தான் சொன்னார்.

"இப்ப சொல்லுங்க தம்பி. நீங்க உங்களை என்னன்னு சொல்லிப்பீங்க?"

"டாக்டர்கிட்ட போனா அந்த டிரான்ஸ் மேன்தான் சார். அவருக்குத் தெரியணும். பட்டறையில, பஸ்ல, ஹாஸ்டல்ல எல்லாம் ஆம்பளை. இதுல ஆண்னே போடுங்க."

குஞ்சிதபாதம் புது விண்ணப்பத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். முப்பது வருஷ வாத்தியார் பழக்கம், சும்மா விடுமா? "ஆனா டிரான்ஸ் மேன்னு போட்டா இன்னும் துல்லியமா..."

எஸ்தர் லேசாக இருமினாள்.

அவர் பேனாவை இளங்கதிரிடம் கொடுத்துவிட்டார். அவன் ஆண் என்ற முதல் கட்டத்தில் அழுத்தி டிக் போட்டான், பேப்பர் கிழியாத குறை. எஸ்தர் அதைப் படமெடுத்து அனுப்ப, திருத்தம் போயிற்று. மணி ஐந்து ஆவதற்குள் பதிலும் வந்தது: ஆண்கள் விடுதி, மூன்றாவது மாடி. இளங்கதிர் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, டிக்கெட் போட ரயிலடிக்கு ஓடினான்.

எஸ்தர் கொக்கு அட்டையைக் கிழித்துப்போட்டுப் புது அட்டை ஒன்றை எடுத்தாள். "பேரு என்ன சார் எழுதட்டும்?"

"குஞ்சிதபாதம்னே எழுதும்மா. ஒரு எழுத்துக்கூட விடாம."

எழுதிக்கொண்டிருந்தவளிடம் அவர் மனத்தாங்கலோடு கேட்டார். "ஒண்ணு சொல்லு. கடைசியில அவங்களைக் கேட்டுத்தான் எழுதணும்னா, அந்தப் பதினோரு வார்த்தையையும் நான் எதுக்கும்மா விழுந்து விழுந்து படிச்சேன்?"

எஸ்தர் அட்டையை அவரிடம் நீட்டினாள்.

"அவங்க சொல்றப்ப நமக்குப் புரியணுமே, சார்."