பன்றி பூசிய அணை

டொக்... டொக்... டொக்.

ஒரு காட்டில், ஓடை வளையும் இடத்துக்கு அப்பாலிருந்து இந்தச் சத்தம் வந்தது, பிள்ளைகளே. கல்லோடு கல் மோதும் சத்தம். வேரில் சிக்கிய சருகை இழுத்துக்கொண்டிருந்த தாய் நீர்நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அதற்கு வேலை ஓய்ந்ததே இல்லை. ஓடையின் குறுக்கே ஒரு நீர்மருது மரம் தன் வேர்களை வலைபோல விரித்திருந்தது. அந்த வேர்களில் தண்ணீர் நிதானித்து, ஒரு மடுவாகத் தேங்கி, பிறகு மெல்லக் கசிந்து போகும். ஆனால் சருகும் சுள்ளியும் வந்து அடைத்துக்கொள்ளும். தினமும் யாராவது எடுத்துவிட வேண்டும். யார் எடுப்பது? மடுவின் கரையில் வளை வைத்து, நீந்தத் தெரியாத இரண்டு குட்டிகளை வளர்த்துவந்த நீர்நாய்தான்.

மூக்கால் கல்லை உருட்டிக்கொண்டு காட்டுப்பன்றி வந்தது.

"என்ன தங்கச்சி, இன்னும் குப்பைதான் பொறுக்குகிறாயா?"

"வேறென்ன செய்ய, அண்ணே? முதுகு விட்டுப்போச்சு."

"இந்த வேர்ச் சந்துகளையெல்லாம் கல் வைத்து அடைத்து, மேலே சேறு பூசிவிடுகிறேன். கோடையிலும் மடு நிறைந்திருக்கும். உனக்கு மீன், எனக்குச் சேறு. நீ காலை நீட்டிப் படுக்கலாம்."

கரையில் கிடந்த நண்டு கேட்டது: "மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், மாமா?"

"நான் புரளும் குழியைப் பார்த்திருக்கிறாயா? மூன்று மாதமாக ஒரு சொட்டு வெளியே போகவில்லை. எல்லாம் நான் மெழுகியது! பக்கவாட்டில் நடக்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே புரியும்?"

"குழித் தண்ணீர் சும்மா கிடக்கும், மாமா. ஓடைத் தண்ணீர் நடந்து வருமே."

நண்டு சொன்னது சரி என்றுதான் நீர்நாய்க்கும் பட்டது. ஆனால் படுக்கலாம் என்ற சொல் அதைவிட இனிப்பாக இருந்தது.

"பூசுங்க, அண்ணே," என்றது.

இரண்டு நாளில் அணை எழுந்தது. மூன்றாம் நாள் நீர்நாய் நண்பகல்வரை தூங்கியது. நான்காம் நாள் மலையில் மழை பிடித்துக்கொண்டது.

ஓடை செம்மண் நிறத்தில் புரண்டு வந்தது. போக வழியில்லாமல் மடு ஏறியது. ஏறி ஏறி வளையின் வாய்க்கு வந்துவிட்டது. குட்டிகள் வீறிட்டன. ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் மற்றது மூழ்கிவிடும்.

"அண்ணே, வளைக்குள் தண்ணீர் ஏறுது!"

"பயப்படாதே, தங்கச்சி! இன்னும் இரண்டு வரிசை ஏற்றினால் சரியாகிவிடும்," என்று பன்றி மேலும் சேறு அப்பியது. அணை ஒரு சாண் உயர்ந்தது. தண்ணீரும் ஒரு சாண் உயர்ந்தது.

நீர்நாய் தண்ணீருக்குள் பாய்ந்தது. மூழ்கியது. அணையின் அடியில் தடவித் தடவி, வேர்கள் எங்கெங்கே சந்து விட்டிருந்தனவோ அங்கங்கே கல்லைப் பிடுங்கியது. நண்டும் இறங்கிச் சேற்றைக் கிள்ளியது. குபுகுபுவென்று தண்ணீர் வழி கண்டுகொண்டது. மடு இறங்கியது. வளைக்குள் இரண்டு குட்டிகளும் இருமிக்கொண்டு உயிரோடிருந்தன.

"என் அணையை ஓட்டை போட்டுவிட்டாயே!" என்று கத்தியது பன்றி.

"அந்த ஓட்டை மரம் போட்டது, அண்ணே. நாமதான் போய் அடைச்சோம்."

பன்றி முனகிக்கொண்டே தன் குழிக்குப் போனது. பெரிய கற்கள் சில வேர்களுக்கிடையே அப்படியே நின்றன. கோடைக்கு அவை கொஞ்சம் உதவலாம்.

நீர்நாய் குட்டிகளை உலர்ந்த பாறையில் விட்டு நக்கிக்கொடுத்தது. மழை விட்டது. திரும்பிப் பார்த்தால், வேர்களில் அதற்குள் புதுச் சருகு சேர்ந்திருந்தது. அது ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு தண்ணீரில் இறங்கி முதல் சுள்ளியைப் பல்லால் கவ்வி இழுத்தது.

நீதி: இயற்கை விட்டுவைத்த வழி எதற்கு என்று தெரிந்துகொள்ளாமல் அதை அடைத்துக் கட்டாதே.