மாப்பிள்ளைக்குக் கீழே ஓர் எச்சரிக்கை

விருத்தாசலத்தில் விவரமானவர்களுக்குக் குறைவில்லை. கடைவீதி மாடியில் இருக்கும் தர்மலிங்கம் திருமணத் தகவல் மையத்தில் அவர்களில் ஒருவரும் வேலைக்குச் சேரவில்லை, அவ்வளவுதான்.

மையத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. அதைத் தாங்கும் மென்பொருள் ஒரு நாள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. ஜாதகக் கட்டம் வரையும் பிளகினில், அதாவது தளத்தோடு ஒட்டவைத்த துணை நிரலில், பழைய கட்டளை ஒன்று கிடந்தது. புதிய மென்பொருளுக்கு அது பிடிக்கவில்லை. உடனே முகப்புப் பக்கத்தில், 'இந்த வார வரன்' பூவராகனின் படத்துக்கு நேர் கீழே, சிவப்பு எழுத்தில் வந்து நின்றது: "எச்சரிக்கை: இது பழையதாகிவிட்டது. இனிப் பயன்படுத்த வேண்டாம். அடுத்த பதிப்பில் நீக்கப்படும். இதற்குப் பதில் புதியதைப் பயன்படுத்தவும்."

பூவராகன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். வயது முப்பத்தெட்டு. பல வருடத் தேடலுக்குப் பிறகு பண்ருட்டியில் ஓர் இடம் கூடி வந்து, வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்தார்.

"பொண்ணோட அப்பா போன் பண்ணி, 'என்ன மாப்ளே, உங்களை நீக்கப் போறாங்களாமே'ங்கிறாரு. சாயங்காலத்துக்குள்ள அந்த வரி போகலேன்னா சம்பந்தமே வேணாமாம்!"

தர்மலிங்கம் எச்சரிக்கையைப் படித்தார். பிறகு பூவராகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் காரணம் இல்லாம சொல்லாது தம்பி."

தளத்தை அமைத்துக் கொடுத்த ரெஜினாவுக்குப் போன் போட்டார்கள். அவர் ரயிலில் இருந்தார். "பயப்படாதீங்க சார். எது பழசு, என்ன பண்ணணும்னு எச்சரிக்கையிலயே இருக்கும். அதுல சொன்னபடி செய்ங்க" என்றதோடு சிக்னல் போய்விட்டது.

"பழசை எடுத்துட்டுப் புதுசை வைக்கணும். தெளிவாத்தானே போட்டிருக்கு," என்றார் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் ஜெகதா.

பூவராகனுக்குப் புதுச் சட்டை போட்டு, மீசைக்கு மை தீட்டி, புதுப் படம் எடுத்து ஏற்றினார்கள். எச்சரிக்கை அசையவில்லை.

"சட்டைதான் புதுசு. உள்ள இருக்கிறது அதே ஆளுதானே?" என்றார் ஜெகதா.

"நியாயம். நம்மகிட்ட புதுசா யாரு இருக்கா?" என்றார் தர்மலிங்கம்.

"நான் இருக்கேனே, முதலாளி. போன வாரம்தான் சேர்ந்தேன்," என்று எழுந்து நின்றார் அம்பலவாணன். கூட்டுறவுச் சங்கத்தில் ஓய்வு பெற்று வந்தவர்.

"யோவ், அவர் பேரன் காலேஜ் போறான்யா!" என்று பூவராகன் அலறினார்.

"வயசை இழுக்காதீங்க தம்பி. அப்புறம் உங்களுக்குத்தான் சங்கடம். எப்ப சேர்ந்தாருங்கிறதுதான் கணக்கு," என்றார் தர்மலிங்கம்.

அம்பலவாணன் படம் ஏறியது. எச்சரிக்கை அப்படியே நின்றது. மனிதர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

"ஒரு வாரத்துலயே பழசாயிட்டாரே," என்று ஜெகதா வருந்தினார்.

"டெக்னாலஜி அவ்வளவு வேகமாப் போகுதும்மா. இன்னும் புதுசு வேணும்."

கீழே ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் இன்னும் பெயர்கூட வைக்காத ஓர் ஆண் குழந்தை இருந்தது. அதைவிடப் புதிய ஆண்பிள்ளை கடைவீதியில் அன்றைக்குக் கிடையாது. வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்த நிலையில் படம் எடுத்து ஏற்றினார்கள்.

அதே நேரத்தில் ரெஜினா வீடு போய்ச் சேர்ந்து, மடிக்கணினியைத் திறந்து, பிளகினில் இருந்த பழைய கட்டளையை மாற்றினார். எச்சரிக்கை மறைந்தது.

"ஒத்துக்கிச்சு!" என்று தர்மலிங்கம் கைகூப்பினார்.

"அப்படியே என் படத்தைத் திரும்பப் போட்டுடுங்க," என்றார் பூவராகன்.

"விளையாடுறீங்களா? நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறதுல கை வைக்கவா? கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கலாம்."

போன் அடித்தது. பண்ருட்டிக்காரர்.

"பார்த்தேங்க. எச்சரிக்கை போயிடுச்சு. எங்களுக்குப் பரிபூரண சம்மதம். ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது. மாப்பிள்ளைக்கு வாயில ஒரு பல்லுகூடத் தெரியலையே?"

தர்மலிங்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "ஆ காட்டுங்க தம்பி."

பூவராகன் ஆ காட்டினார். ஜெகதா செல்போன் வெளிச்சம் அடிக்க, தர்மலிங்கம் மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"அது மத்தியானம் எடுத்த படங்க. இப்ப எல்லாம் முளைச்சிடுச்சு."