குட்டைக்கு வராத ஆவன்

காட்டு நடுவே ஒரு பாறை. பாறைக்கு அடியில் ஓர் ஊற்று. அந்த ஊற்றுத் தண்ணீர் தேங்கி நின்ற குட்டையில் வரிச்சி என்ற விரால் மீன் குஞ்சு பொரித்திருந்தது.

விரால் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறீர்களா? செக்கச் செவேல் என்று இருக்கும். ஒரு கைப்பிடி குங்குமத்தைத் தண்ணீரில் தூவிவிட்டதுபோல் கூட்டமாகத் திரியும். தாய் அடியில் காவல் நிற்கும். மேலே நிழல் விழுந்தால் போதும், பாய்ந்து கடிக்கும். வரிச்சியும் அப்படித்தான். தண்ணீர்ப் பாம்பை விரட்டியிருக்கிறது. கொக்கின் காலைக் கடித்து ஓடவிட்டிருக்கிறது. ஆனால் அன்றைக்கு வந்த ஆபத்தை எங்கே கடிப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

காட்டுப்பன்றிகள் கோரைக்கிழங்குக்காகக் கரையைக் கிளறிவிட்டுப் போயிருந்தன. கிளறிய இடத்தில் கரை உடைந்து தண்ணீர் வெளியே ஓடியது. ஊற்றில் வருவது விரல் அளவு. உடைப்பில் போவது கை அளவு.

தண்ணீர் குடிக்க எருமை ஒன்று வந்தது. முறுக்கிய கொம்பு, மலைபோல் உடம்பு. வரிச்சி ஓடிப்போய்க் கெஞ்சியது.

“அண்ணே! இந்த உடைப்புல நாலு மிதி மிதிச்சு விடுங்கண்ணே. சேறு தானா அடைச்சுக்கும். உங்களுக்கு ஒரு நிமிச வேலை!”

எருமை இரண்டடி பின்னால் நகர்ந்தது.

“ஐயையோ, நல்லா இருக்கே தாயி! கரை பொதுச்சொத்து. வனச்சபை உத்தரவு இல்லாம அதுல கால் வெச்சா குத்தம். போன கோடையில எங்க மச்சான் பாதையில கிடந்த மரத்தைக் கொம்பால ஓரமாத் தள்ளி விட்டான். ‘யாரைக் கேட்டுத் தள்ளினாய்?’னு சபைத் தலைவர் மயிலார் அவனைப் புல்வெளிப் பக்கமே விடலை. இப்ப எலும்பும் தோலுமாத் திரியறான்.”

“அப்போ நான் என்ன செய்யட்டும்?”

“மனு போடு!” என்றது எருமை. வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போய்விட்டது.

வரிச்சியால் சபைக்கு நடந்துபோக முடியுமா? மீனுக்கு ஏது கால்? தபால் கொண்டுபோக மீன்கொத்தி இருந்தது. தபால் வேலையில் இருக்கும்வரை இந்தக் குட்டையில் வாய் வைப்பதில்லை என்று சத்தியம் செய்த பறவை அது. ஒரு தேக்கிலையோடு வந்து உட்கார்ந்தது. அலகால் கீறி எழுதத் தயாரானது.

அதற்குள் பெருந்தவளை ஒன்று முந்திக்கொண்டு வந்தது. குட்டைக்குத் தானே நாட்டாமை என்று தானே சொல்லிக்கொள்ளும் தவளை.

“மனு எழுதறதுன்னா விளையாட்டா? தள்ளுங்க! நான் சொல்றேன், நீ எழுது. ‘வனத்தின் ஒளியே! தோகைக்குத் தலைவரே! எங்கள் குலம் காக்கும் கோமானே! மேன்மை தங்கிய மயிலார் அவர்களின் பொன்னான பாதங்களுக்கு, பாதத்தூசியிலும் சிறியோராகிய குட்டைவாசிகள் பணிந்து, குனிந்து, மீண்டும் பணிந்து...’”

“இலை தீர்ந்துபோச்சு!” என்றது மீன்கொத்தி. “கரை உடைஞ்சதை எங்கே எழுதறது?”

“காம்புக்குப் பக்கத்துல பொடி எழுத்தாப் போடு. பெரியவங்க கண்ணுல மரியாதைதான் முதல்ல படணும்!”

வரிச்சிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் காரியம் நடந்தால் சரி என்று இருந்துவிட்டது.

பதில் வந்தது. மீன்கொத்தி வாசிப்பதற்குள் தவளை அதைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டே வரிதான்.

‘மனு பார்வையிடப்பட்டது. ஆவன செய்யப்படும்.’

தவளைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். தொண்டையை உப்பிக்கொண்டு கத்தியது.

“கேட்டுக்கோங்க எல்லாரும்! ‘ஆவன் செய்வான்’னு போட்டிருக்கு! நம்ம கரையைக் கட்ட ஆவனை அனுப்பறாங்க!”

“ஆவனா? அது யாரு?” என்றது நத்தை.

“ஆவனைத் தெரியாதா உனக்கு? சபையில பெரிய கை! யானைக்கே வேலை சொல்லிக் கொடுத்தவரு!”

“நீ ஆனா ஆவன்னாவே இன்னும் முழுசாப் படிக்கலை. அதுக்குள்ள ஆவன் வரைக்கும் பழக்கமா?” என்று சிரித்தது கெளுத்தி.

“பொறாமை பிடிச்ச மீசைக்காரா! நம்ம குட்டைக்கு நல்லது நடந்தா உனக்கு எரியுது!”

குட்டை முழுக்கக் கொண்டாட்டம். தவளைகள் இரவும் பகலும் பாடின. நண்டுகள் ஆவன் நடந்து வரப் பாதையைச் சீர் செய்தன. வரிச்சியும் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? “கண்ணுகளா, ஆவன் மாமா வந்துடுவாரு, பயப்படாதீங்க!” என்று குஞ்சுகளுக்குச் சொல்லிச் சொல்லி ஆழமான பக்கம் ஓட்டிக்கொண்டு போனது.

ஆழமான பக்கமும் ஆழம் குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் எறும்புத்தின்னி அழுங்கு ஒன்று அந்தப் பக்கம் வந்தது. உடம்பெல்லாம் செதில், நடையில் ஒரு கம்பீரம். தவளைக்கு நிலைகொள்ளவில்லை. கோரைப்பூ மாலையை அதன் கழுத்தில் போட்டுவிட்டது.

“வாங்க ஆவன், வாங்க! உங்களைத்தான் வழிமேல் விழி வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கோம்!”

“நான் அழுங்குங்க. எறும்பு தேடிட்டு வந்தேன்” என்றது அது பாவமாக. மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் வழியே போனது.

இரண்டாவது மனு போனது. பதிலும் வந்தது. ‘இம்மனு முன்னைய மனுவோடு சேர்க்கப்பட்டது. ஆவன செய்யப்படும்.’

“பாத்தீங்களா! மறுபடியும் ஆவன் பேரைத்தான் போட்டிருக்காங்க. ஆள் புறப்பட்டாச்சு!” என்றது தவளை.

மூன்றாவது மனுவைத் தவளை சொல்ல வரிச்சி விடவில்லை. தானே சொன்னது. “கரை உடைஞ்சிருக்கு. தண்ணி போகுது. குஞ்சுங்க சாகப்போகுது. இதை மட்டும் எழுது” என்றது.

அதற்குப் பதில் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் ஓரத்திலிருந்து உள்வாங்கியது. முன்பு எருமை நின்று குடித்த இடத்தில் ஒரு குளம்புத் தடம். அதில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தது. வரிச்சியின் குஞ்சுகளில் ஒரு பாதி அதற்குள் மாட்டிக்கொண்டன. நடுவில் வெறும் சேறு.

“அம்மா! சுடுது!” என்று அவை கத்தின.

வரிச்சி சேற்றில் ஏறித் துள்ளியது. வழுக்கி வழுக்கிக் கீழே வந்தது. மறுபடி ஏறியது. குளம்புத் தடத்துத் தண்ணீர் அதன் கண் முன்னாலேயே சுருங்கியது. செவ்வரளிப் பூ வாடுவதுபோல் குஞ்சுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. சத்தம் நின்றுபோனது.

அந்த நேரத்தில்தான் மீன்கொத்தி பதிலோடு வந்து இறங்கியது. பழக்கதோஷத்தில் வாசித்தும்விட்டது.

‘தங்கள் குட்டையில் தற்போது நீரைவிடச் சேறு மிகுந்துள்ளதாகத் தெரிகிறது. எனவே தங்கள் மனு நீர்ப்பிரிவைச் சேர்ந்ததா, சேற்றுப்பிரிவைச் சேர்ந்ததா எனத் தெளிவுபடுத்தவும். அதன்பின் ஆவன செய்யப்படும்.’

வரிச்சி திரும்பியது. அதன் கண்ணைப் பார்த்த மீன்கொத்தி இரண்டு கிளை மேலே தாவி உட்கார்ந்தது.

“தம்பி, நீ சபைக்குப் போய் வர்றவன். உள்ளதைச் சொல்லு. அந்த ஆவனை ஒரு தடவையாவது அங்கே பாத்திருக்கியா?”

மீன்கொத்தி தலையைக் குனிந்தது. “அக்கா... ஆவன்னு யாருமே கிடையாது. அது எழுத்து நடை. ஆக வேண்டியதைச் செய்வாங்கன்னு அர்த்தம்.”

“செய்வாங்கன்னா யாரு செய்வா?”

“அது... அதுல இல்லையே அக்கா. ‘செய்யப்படும்’னுதான் இருக்கு. எல்லா மனுவுக்கும் மயிலார் அதையேதான் எழுதறாரு. அந்த வரியை மட்டும் இலை இலையா எழுதி முன்னாடியே அடுக்கி வெச்சிருக்காரு. மனு வந்ததும் மேல இருக்கிறதை எடுத்து, முன்னால ஏதாவது ஒரு வரி சேத்துக் கொடுப்பாரு.”

“நாங்க மாலையும் கையுமா நின்னப்போ இதை ஏண்டா சொல்லலை?”

“எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு...”

“சந்தோஷம்!” வரிச்சி வாலால் சேற்றை அறைந்தது. “என் பாதிப் பிள்ளைங்களை வாயில போட்டுக்கிட்ட சந்தோஷம்! செய்யப்படுமாம்! தண்ணி அப்படியா போகுது? ‘போகப்படும்’னு எழுதி வெச்சுட்டு நிக்குதா? என் குஞ்சுங்க ‘சாகப்படும்’னா செத்துச்சுங்க? செத்துப்போச்சுடா!”

தவளை ஒரு கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

வரிச்சி அதற்குமேல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விராலுக்கு ஈரச் சேற்றில் கொஞ்ச தூரம் ஊர்ந்துபோகத் தெரியும். வயிறு கிழிய, செதில் உதிர ஊர்ந்தது. உடைப்புக்குப் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் வெளியேறுகிற வாயில் தன் உடம்பைக் குறுக்கே போட்டு அடைத்துக்கொண்டது. செவுள் ஏறி ஏறி இறங்கியது. ஓட்டம் பாதியாகக் குறைந்தது.

எருமைகள் மந்தையாகத் தண்ணீர் குடிக்க வந்தன. முறுக்குக் கொம்பு எருமை அதைப் பார்த்து நின்றது.

“தாயி! என்ன செய்யறே? வெயில்ல செத்துப்போவே!”

“உத்தரவு இல்லாமக் கரையை அடைக்கிறேன். போய்ச் சொல்லு உங்க மயிலார்கிட்ட! காலில்லாத மீன் உடம்பை வெச்சு அடைக்குது. நாலு கால் இருக்கிற நீ தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போ. குடிச்சுக்கோ, நாளைக்கு உனக்கும் இருக்காது!”

எருமை குனிந்தது. குளம்புத் தடத்தைப் பார்த்தது. அது தன் தடம்தான் என்று அதற்குத் தெரிந்தது. உள்ளே கிடந்ததையும் பார்த்தது.

“மாப்ளைகளா, இறங்குங்கடா!” என்று முக்காரமிட்டது. எலும்பும் தோலுமாய் இருந்த அதன் மச்சான்தான் முதலில் இறங்கினான். வரிச்சியை மூக்கால் மெல்ல உருட்டித் தண்ணீருக்குள் தள்ளினான். பிறகு மந்தை முழுவதும் உடைப்பில் ஏறி மிதித்தது. சேறு பிதுங்கி அடைத்தது. மறுபடி மிதித்தது. இறுகியது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அவ்வளவுதான் வேலை. இத்தனை இலையும் எழுத்தும் தின்று தீர்த்த வேலை!

செய்தி பறந்தது. மயிலார் இரண்டு செந்நாய்களைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“யாரைக் கேட்டுக் கரையில் கால் வைத்தீர்கள்?”

எருமைகள் வரிசையாக நின்று கொம்பைத் தாழ்த்தின. “யாரையும் கேக்கலை” என்றது முறுக்குக் கொம்பு.

செந்நாய்கள் கொம்புகளைப் பார்த்தன. ஒன்றையொன்று பார்த்தன. “எங்களுக்கு இந்தக் கரை விவகாரமெல்லாம் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டின.

மயிலாரின் குரல் உடனே தேன் ஆனது.

“அட, கோபம் எதற்கு? காரியம் முடிந்ததே, மகிழ்ச்சி! நம் சபையின் இடைவிடாத முயற்சிக்குப் பலன் கிடைத்திருக்கிறது. மனு தீர்வு செய்யப்பட்டதாக எழுதிவிடலாம். அம்மா வரிச்சி, நீதானே மனுதாரர்? சபைக்கு ஒரு நன்றிக் கடிதம் மட்டும் கொடுத்துவிடு.”

எல்லாரும் வரிச்சியைப் பார்த்தார்கள். கிழிந்த வயிற்றோடு அது தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கியது.

“கொடுத்தாப் போச்சு. அதோ அந்தக் குளம்புக் குழியில என் பிள்ளைங்க காய்ஞ்சு கிடக்கு. குனிஞ்சு அதுங்க முகத்தைப் பாத்துக் கையெழுத்து வாங்கிக்கோங்க!”

மயிலார் குழியைப் பார்த்தார். வாய் திறந்தது. இத்தனை வருடம் எழுதிய அந்தச் சொல் வரவில்லை. தோகையைச் சேற்றில் இழுத்தபடி வந்த வழியே நடந்தார். யாரும் வழிவிட்டு விலகவில்லை. எருமைகளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

வரிச்சி மீதி இருந்த குஞ்சுகளைச் சேர்த்துக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

‘செய்யப்படும்’ என்று எழுதிவிட்டுச் செய்யாமல் இருப்பவர் கையில் ரத்தம் தெரியாவிட்டாலும் பழி ஒட்டியிருக்கும். கண் எதிரே உடைப்பைப் பார்த்தும் உத்தரவுக்காகக் காத்து நிற்பவருக்கும் அந்தப் பழியில் பங்கு உண்டு.