தொடாத பாதுகை

புதுச்சேரிக் கடலோரத்தில் இருந்தது அமலோர் ஐயாவின் மடம். லத்தீனும் பிரெஞ்சும் கரைத்துக் குடித்தவர் அவர். அவர் பிறந்தநாளன்று சீடர்கள் வரிசையாக வந்து, அவரது பாதுகையைத் தொட்டு, 'உங்கள் சொல்லே எங்கள் சொல்' என்று உறுதி கூறுவார்கள். கூறாதவர் அன்றே மூட்டை கட்ட வேண்டும். மடத்தின் வழக்கம் அது.

அந்த வருடம் அஞ்சலாட்சியின் முறை வந்தது. ஐயாவைவிட வயதில் மூத்தவள். மடத்தை விட்டால் போக்கிடம் இல்லாதவள். அவள் கையை நீட்டவில்லை.

"டிஃபையன்ட்!" என்று சீறினார் நிர்வாகி மகுடபதி.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் திட்டு புரிவதற்குப் படிப்பு எதற்கு?

"ஐயா, இவரு என்னை என்னமோ சொல்றாரே, என்னங்க அது?"

"அடங்காதவள்னு சொல்றார்மா. இங்கிலீஷ் வார்த்தை. ஆனா பிறந்த வீடு வேற."

"எதுங்க?"

"லத்தீன்ல நம்பிக்கைக்கு ஒரு சொல் உண்டு. அதுலேருந்து பிரெஞ்சுக்கு வந்தது இது. அந்தக் காலத்துல பிரபு தப்புப் பண்ணினா, அவருக்கு வாக்குக் கொடுத்த வீரன் நேர்ல போய், 'உம்ம மேல வச்ச நம்பிக்கையை எடுத்துக்கிறேன்'னு சொல்லணும். அப்புறம்தான் வாளைத் தொடலாம். சொல்லாம தொட்டா துரோகி."

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்காரு." அஞ்சலாட்சி மகுடபதியைக் கைகாட்டினாள். "குடம் இடிக்கிற சத்தம் தியானத்தைக் கெடுக்குதுன்னு பின்கதவைப் பூட்டினாரு. குப்பத்துப் பொம்பளைங்களுக்கு நம்ம கிணத்தை விட்டா ஏது நல்ல தண்ணி? அவங்க புள்ளைங்க உப்புத்தண்ணி குடிக்குதுங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? உங்க மேல வச்ச நம்பிக்கையை நானும் எடுத்துக்கிறேன். மூட்டையைக் கட்டிட்டுத்தான் வந்தேன்."

மகுடபதி இடுப்பில் தொங்கிய சாவியைக் கையால் மூடிக்கொண்டார்.

ஐயா எழுந்தார். வெறுங்காலோடு நடந்து வந்து மகுடபதியிடம் கை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவி வந்தது. அதை வாங்கி அஞ்சலாட்சியிடம் கொடுத்தார்.

"கதவைத் திறக்கிறேன்," என்றாள் அவள். "ஆனா பாதுகையைத் தொட மாட்டேன்."

"தொடாதீங்க."

மகுடபதிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இத்தனை பேரு மறுபேச்சு இல்லாம தொட்டாங்க. அவங்களை விட்டுட்டு இவங்ககிட்டயா சாவி?"

"கதவு பூட்டியிருக்கிறது அவங்களுக்கும் தெரியும், மகுடபதி. திருப்பி எடுத்துக்கிற அளவுக்கு என் மேல நம்பிக்கை வச்சிருந்தது இந்தம்மா ஒருத்திதான்."